பீப் சத்தத்துக்குப் பிறகு: டெக்சஸில் என் முதல் பிராக்டிகல் ஷூட்டிங் போட்டி

துப்பாக்கிச் சுடும் போட்டி என்றதும் நம் ஊரில் பலருக்கு நினைவுக்கு வருவது 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ரா, அப்புறம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன். இருவருக்கும் களம் 10 மீட்டர் ஏர் ரைஃபிள். ஆடாமல் அசையாமல் நின்று, மூச்சை அடக்கி, ஒரே குறியைத் திரும்பத் திரும்ப அடிக்கிற ஆட்டம் அது. பிராக்டிகல் ஷூட்டிங்கில் ஒரே இடத்தில் நிற்க முடியாது. இடுப்பு உறையில் கைத்துப்பாக்கி இருக்கும். டைமர் கத்தியதும் அதை உருவி, மறைப்புகளுக்கு நடுவே ஓடி, சந்து, ஜன்னல், மூலை என்று எங்கெல்லாம் குறியாக வைத்த அட்டை தெரிகிறதோ அங்கெல்லாம் அட்டைக்கு இரண்டு வீதம் சுட்டு, நடுவில் தோட்டா அடுக்கிய மேகஸினையும் மாற்றி முடிக்க வேண்டும். எவ்வளவு சரியாகச் சுட்டோம் என்பதோடு எவ்வளவு நேரத்தில் சுட்டோம் என்பதையும் சேர்த்துத்தான் கணக்கு.

அமெரிக்காவில் இதை நடத்துவது யு.எஸ்.பி.எஸ்.ஏ. என்கிற சங்கம். உலக அளவில் ஐ.பி.எஸ்.சி. அது 1976-ல் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் தொடங்கியது, முதல் தலைவர் ஜெஃப் கூப்பர். துல்லியம், வலிமை, வேகம் என்று பொருள்படும் மூன்று லத்தீன் சொற்கள்தான் அதன் முழக்கம். அந்த மூன்றில் துல்லியம் முதலில் வருகிறது. ஏன் முதலில் வருகிறது என்பதை முதல் போட்டி முடிந்து மதிப்பெண் தாளைப் பார்த்தபோது எனக்கு நன்றாகவே புரிந்தது.

நான் டாலஸ் பக்கம் இருக்கிறேன். அதுவரை உள்ளரங்க ரேஞ்சில்தான் சுட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தடுப்புக்குள் நின்று, எதிரே தொங்கும் காகிதத்தைச் சுடுவது. அங்கே உறையிலிருந்து உருவ விடமாட்டார்கள், கடகடவென்று சுடவும் விடமாட்டார்கள். இந்தப் போட்டிக்கு என்னை அழைத்துப்போனவர் எங்கள் தெருவில் இருக்கிற திருநெல்வேலிக்காரர். தெருவில் எல்லாத் தமிழர்களுக்கும் அவர் அண்ணாச்சிதான். பல வருடமாகப் போட்டிகளில் சுடுகிறவர். கிளம்புவதற்கு முந்தின நாள் அவர் சொன்னது: "தம்பி, மொத மேட்ச்சுல யாரையும் ஜெயிக்கணும்னு நெனைக்காதீய. டி.க்யூ. ஆகாம வீடு வந்து சேருங்க, அது போதும்."

டி.க்யூ. என்ன என்று சொல்வதற்கு முன்னால், அமெரிக்காவில் விசாவில் இருக்கிற வாசகர்களுக்கு ஒன்று. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க இங்கே மத்திய அரசின் சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. நண்பருடையதை வாங்கி ஒரு தடவை சுட்டுப் பார்ப்பதுகூட இந்தத் தடைக்குள் வரலாம். "எல்லாரும்தான் போறாங்க" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். குடியுரிமைப் பாதையே இதில் சிக்கக்கூடும். நான் கிரீன் கார்டு கையில் வந்த பிறகுதான் இந்தப் பக்கம் திரும்பினேன்.

சரி, டி.க்யூ. தகுதி நீக்கம். பாதுகாப்பு விதி ஒன்றை மீறினால் அன்றைய போட்டி அத்தோடு முடிந்தது. இரண்டாவது வாய்ப்பு கிடையாது, மன்னிப்பும் கிடையாது. இந்த விளையாட்டில் குழந்தை குட்டிகளோடு குடும்பம் குடும்பமாக வந்து நிம்மதியாக நிற்க முடிகிறதென்றால் அதற்குக் காரணம் இந்தக் கண்டிப்புதான். அதனால் புதிதாக வருகிறவர் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியது குறிபார்க்கும் வித்தையை அல்ல, இந்த விதிகளை.

எல்லாவற்றிலும் பெரியது 180 விதி. நமக்குப் பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள், முன்னால் மண் மேடு. நம் இரண்டு தோளையும் கடந்து பக்கவாட்டில் ஒரு கோடு போட்டதாக வைத்துக்கொண்டால், துப்பாக்கியின் வாய் எந்த நேரமும் அந்தக் கோட்டுக்கு முன்பக்கம்தான் இருக்க வேண்டும். நாம் எந்தத் திசையில் திரும்பி ஓடினாலும் கோடு நம்மோடு திரும்பாது, மண் மேட்டை வைத்துத்தான் அது. அடுத்தது விரல். ஓடும்போதும், மேகஸின் மாற்றும்போதும், உறையிலிருந்து எடுக்கும்போதும் விரல் டிரிகர் வளையத்துக்கு வெளியே, துப்பாக்கியின் உடற்பகுதிமேல் நீட்டி இருக்க வேண்டும். ஆட்டத்தின் நடுவே துப்பாக்கி கை நழுவிக் கீழே விழுந்தால் டி.க்யூ. ஆட்டத்துக்கு வெளியே எங்கேயாவது விழுந்தால், குனிந்து நாமே எடுப்பதுதான் டி.க்யூ. அப்படியே விட்டுவிட்டு அதிகாரியைக் கூப்பிட வேண்டும். பதறி எடுக்கத் தோன்றும், அதனால்தான் இதை முன்கூட்டியே மனதில் ஏற்றிக்கொள்வது நல்லது.

இன்னொன்று, மைதானம் முழுக்க 'கோல்ட் ரேஞ்ச்'. அதாவது அதிகாரி சொல்லும்வரை யாருடைய துப்பாக்கியிலும் தோட்டா இருக்காது. துப்பாக்கியைப் பையிலிருந்து எடுத்து உறையில் போட வேண்டுமென்றால் அதற்கென்று 'சேஃப் ஏரியா' என்று ஒரு மேஜை இருக்கும். அங்கே துப்பாக்கியைத் தொடலாம், தோட்டாவைத் தொடக் கூடாது. போலித் தோட்டாவையும் கூடத் தொடக் கூடாது. மற்ற இடங்களில் தோட்டாவைத் தொடலாம், துப்பாக்கியைத் தொடக் கூடாது. காரிலிருந்து இறங்கி வண்டிக்குப் பக்கத்திலேயே துப்பாக்கியை எடுத்து மாட்டிக்கொள்கிற பழக்கம் உள்ளவர்கள் கவனமாக இருங்கள். போட்டி தொடங்கும் முன்பே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

என்னென்ன சாமான் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, கையில் இருப்பதை வைத்தே முதல் போட்டிக்குப் போகலாம் என்பதுதான் என் பதில். ஒரு 9 மி.மீ. கைத்துப்பாக்கி, டிரிகரை முழுக்க மூடுகிற கெட்டியான உறை, வளையாத பெல்ட், நான்கைந்து மேகஸின், அவற்றைச் செருக இடுப்பில் பைகள், கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு மூடி. துணியில் தைத்த தொளதொள உறை வேண்டாம், துப்பாக்கியைத் திரும்பச் செருகும்போது அதன் ஓரம் மடிந்து டிரிகரில் மாட்டும். ஒரு போட்டிக்கு 120 முதல் 150 தோட்டா செலவாகும். 200 எடுத்துப் போங்கள். குறி தவறினால் கூடுதலாகச் சுட வேண்டியிருக்கும், சில ஸ்டேஜை (போட்டியின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்டேஜ் என்று பெயர்) மறுபடி சுடச் சொல்வதும் உண்டு. டெக்சஸ் வெயிலுக்குத் தண்ணீரும் தொப்பியும் துப்பாக்கிக்குச் சமமான முக்கியம். தொப்பிக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. சுடும்போது வெளியே தெறிக்கிற சூடான காலித் தோட்டாக் கூடு நெற்றி வழியாகக் கண்ணாடிக்குள் விழாமல் அது தடுக்கும்.

என் துப்பாக்கியில் ரெட் டாட், அதாவது குறிபார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடி, இருந்ததால் 'கேரி ஆப்டிக்ஸ்' பிரிவில் பதிவு செய்தேன். சாதாரண இரும்புக் குறி உள்ளது என்றால் 'புரொடக்‌ஷன்' பிரிவு இருக்கிறது. போட்டிக்கென்றே செதுக்கிய விலையுயர்ந்த துப்பாக்கிகளுக்கு 'ஓப்பன்' பிரிவு தனி. பதிவெல்லாம் பிராக்டிஸ்கோர் என்கிற தளத்தில்தான், மதிப்பெண்ணும் அதிலேயே வந்துவிடும். கடையில் வாங்குகிற 9 மி.மீ. தோட்டா 'மைனர்' வகை. குண்டின் எடையை கிரெயினிலும் வேகத்தை நொடிக்கு எத்தனை அடி என்றும் எடுத்துப் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 125-க்குக் குறையக் கூடாது. 115 கிரெயின் குண்டு 1150 அடி வேகத்தில் போனால் 132 வரும், கவலையில்லை. சில பிரிவுகளில் 165-ஐ எட்டினால் 'மேஜர்', அதற்கு ஓரத்தில் படுகிற குண்டுக்குக் கொஞ்சம் கூடுதல் புள்ளி. முதல் போட்டிக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

காலையில் மைதானத்தில் புதியவர்களைத் தனியே கூட்டி வைத்து விதிகளைச் சொன்னார்கள். பிறகு ஸ்குவாட் ஸ்குவாடாகப் பிரித்தார்கள். மூன்று பக்கமும் மண் மேடு எழுப்பிய தளங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டேஜ். எங்கள் ஸ்குவாடில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், அப்பாவோடு வந்த பள்ளிப் பையன், மெக்கானிக், மருத்துவர் எல்லாம் இருந்தார்கள். நான் புதுசு என்று தெரிந்ததும் ஆளுக்கொரு விதத்தில் உதவ வந்தார்கள். என் மேகஸின் பை ஒன்று தளர்ந்து ஆடுவதைப் பார்த்த ஆசிரியை தன் பையிலிருந்து திருப்புளியை எடுத்துத் தானே முடுக்கிவிட்டார். வரிசையில் என்னைக் கடைசிக்குப் பக்கத்தில் போட்டார்கள், மற்றவர்கள் சுடுவதைப் பார்த்துவிட்டுச் சுடலாம் என்று. இதை நீங்களாகவே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள்.

சுடுகிற நேரம் மொத்தமாகவே ஒரு நாளில் சில நிமிடம்தான். மிச்ச நேரமெல்லாம் வேலை. ஒருவர் சுட்டு முடித்ததும் அதிகாரி அட்டை அட்டையாகப் போய்ப் புள்ளி சொல்வார், ஒருவர் டேப்லெட்டில் ஏற்றுவார். அவர்கள் தாண்டிப்போன பிறகு மற்றவர்கள் ஓட்டைகளில் சின்னச் சின்ன ஒட்டுத்தாளை ஒட்டி, விழுந்த இரும்புத் தகடுகளை நிமிர்த்தி வைக்க வேண்டும். புள்ளி சொல்லும் முன்னால் அட்டையைத் தொடவே கூடாது. இந்த வேலையை ஓடி ஓடிச் செய்கிற புதியவரை எல்லோருக்கும் பிடித்துவிடும். அது மட்டுமில்லை. ஒட்டுத்தாள் ஒட்டப் போகும்போதுதான் எந்த அட்டை எந்த இடத்திலிருந்து தெரியும், மற்றவர்களுடைய குண்டு எங்கே சரிந்திருக்கிறது என்பதெல்லாம் பக்கத்திலிருந்து கண்ணில் படும். எனக்கு அன்றைக்குக் கிடைத்த பாதிப் பாடம் அட்டைகளுக்கு முன்னால் நின்றபோது கிடைத்ததுதான்.

ஒரு ஸ்டேஜை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். 24 குண்டு, அதாவது அதிகபட்சம் 120 புள்ளி. 10 அட்டை, 4 இரும்பு. இடது மூலையில் நின்று தொடங்க வேண்டும். அங்கே 3 அட்டை. நடுவில் ஒரு ஜன்னல், அதன் வழியே 3 அட்டையும் 2 பாப்பரும். பாப்பர் என்பது குண்டு பட்டால் பின்னால் சாயும் இரும்பு. வலது பக்கம் போனால் 3 அட்டை, 2 தகடு. கடைசி மூலையில் தனியாக ஒரு அட்டை, அதன் பாதியை மறைத்தபடி சுடக் கூடாத வெள்ளை அட்டை.

சுடுவதற்கு முன் ஸ்குவாடுக்கே ஐந்து நிமிடம் கொடுப்பார்கள், நடந்து பார்த்துத் திட்டம் போட. எல்லோரும் விரலைத் துப்பாக்கியாக நீட்டிக்கொண்டு முணுமுணுத்தபடி நடப்பார்கள். என் மேகஸினில் 17, துப்பாக்கிக் குழாயின் பின்முனையில் இருக்கும் அறையில் 1, ஆக 18 தோட்டா. எங்கே மாற்றுவது? இடது மூலையில் 6 சுட்டதுமே மாற்றிவிடலாமா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். "எண்ணிப் பாருங்க தம்பி" என்றார். இடப்பக்கம் மாற்றினால் அப்புறம் சுட வேண்டியதும் 18, கையில் இருப்பதும் 18. ஒரு தகடு தவறினால்கூட கடைசி மூலையில் வெறும் துப்பாக்கியோடு நிற்க வேண்டும். ஜன்னல் முடிந்து வலப்பக்கம் ஓடும்போது மாற்றினால் முதல் பகுதிக்கு 4 தோட்டா உபரி, அடுத்த பகுதிக்கு 8 உபரி. அதோடு இடமிருந்து வலமாக ஓடும்போது வலக்கைக்காரனுக்குத் துப்பாக்கியின் வாய் தானாகவே மண் மேட்டைப் பார்த்திருக்கும். ஒரு கணக்கில் இரண்டு பிரச்சினையும் தீர்ந்தது. இனி எந்த ஸ்டேஜ் என்றாலும் முதலில் எண்ணுவது, பிறகு நடப்பது என்று வைத்துக்கொண்டேன்.

திட்டம் போட்டபின் கண்ணை மூடிக்கொண்டு அதை மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எந்த அட்டை முதலில், கால் எங்கே நிற்கும், மேகஸின் எந்த அடியில் வெளியே விழும் என்று படம்போல வர வேண்டும். எங்கேயாவது தடுமாறினால் அந்த இடத்தை மறுபடி போய் நடந்து பார்க்கலாம். டைமர் கத்திய பிறகு யோசிக்க நேரம் இருக்காது. மற்றவர் சுடுவதைப் பார்த்துவிட்டு, "அட, இது நல்லாயிருக்கே" என்று கடைசி நிமிடத்தில் திட்டத்தை மாற்றுகிறவர்கள்தான் அட்டையை விட்டுவிட்டு ஓடுகிறார்கள். சுமாரான திட்டமானாலும் மனதில் பதிந்த திட்டமே மேல்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். "மேக் ரெடி" என்றார் ஆர்.ஓ., அதாவது ரேஞ்ச் அதிகாரி. அதன் பிறகுதான் துப்பாக்கி உறையை விட்டு வெளியே வரலாம். அவசரமே இல்லை. கண்ணாடி, காது மூடி சரியா என்று தொட்டுப் பார்த்து, முதல் அட்டையை நோக்கிக் குறி ஒருமுறை பார்த்து, மேகஸினைச் செருகி, ஸ்லைடை இழுத்து அறையில் தோட்டா ஏற்றி, அந்த மேகஸினை எடுத்துவிட்டு நிறைந்த மேகஸினைப் போட்டு, உறைக்குள் வைத்தேன். துப்பாக்கியை உறைக்குள் வைக்கும்போது மட்டும் எல்லோரையும் மறந்துவிட்டு மெதுவாக, விரல் எங்கே இருக்கிறது என்று தெரிந்து வையுங்கள். "ஆர் யூ ரெடி?" தலையாட்டினேன். "ஸ்டாண்ட் பை." அதற்குப் பிறகு ஒரு நொடியிலிருந்து நான்கு நொடிக்குள் பீப் சத்தம் வரும். அந்த இடைவெளியில் இதயம் காது மூடிக்குள் அடிப்பது கேட்டது. வாயால் மெல்ல மூச்சை விட்டேன். தோள் தானாக இறங்கியது.

பீப்.

அதன் பிறகு நடந்ததில் எனக்கு முழுசாக நினைவிருப்பது துண்டு துண்டாகத்தான். ஜன்னலில் முதல் பாப்பர் சாய்ந்த சத்தம். மேகஸின் கீழே விழுந்து சரளைக் கல்லில் பட்டது. வலப்பக்கத் தகடுகளில் இரண்டாவது சாயாமல் நின்றது, சிவப்புப் புள்ளி அதன் நடுவில் வந்து நிற்கும்வரை பொறுத்து அடித்ததும் விழுந்தது. கடைசி அட்டையில் வெள்ளைக்குப் பயந்து ஓரமாகப் பிடித்தேன். "இஃப் யூ ஆர் ஃபினிஷ்ட், அன்லோட் அண்ட் ஷோ கிளியர்" என்று ஆர்.ஓ. சொல்லும்போதுதான் நான் ஓரிடத்தில் நிற்கிறேன் என்பதே உறைத்தது. மேகஸினை எடுத்து, அறையில் இருந்த தோட்டாவை வெளியேற்றி, காலியான அறையை அவரிடம் காட்டி, மண் மேட்டை நோக்கி டிரிகரை ஒருமுறை அழுத்தி, உறையில் வைத்தேன். "ரேஞ்ச் இஸ் கிளியர்." பின்னால் கைதட்டினார்கள்.

அடுத்த ஸ்டேஜில்தான் ஒரு டி.க்யூ.வை நேரில் பார்த்தேன். பல வருட அனுபவம் உள்ளவர், எங்கள் ஸ்குவாடிலேயே வேகமானவர்களில் ஒருவர். அந்த ஸ்டேஜில் வலமிருந்து இடமாக ஓட வேண்டும். ஓட்டத்திலேயே மேகஸின் மாற்றினார். வலக்கைக்காரருக்கு அந்தத் திசைதான் ஆபத்து. உடம்பு இடது பக்கம் திரும்பியிருக்கும், துப்பாக்கியின் வாயும் அதோடு சேர்ந்து போய்ப் பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டிவிடும். "ஸ்டாப்!" என்ற சத்தம் வந்ததும் அப்படியே உறைந்து நின்றார். இறக்கிக் காட்டினார், துப்பாக்கியைப் பையில் வைத்தார், ஆர்.ஓ.வுக்குக் கை கொடுத்தார். வாதாடவே இல்லை. வீட்டுக்கும் போகவில்லை. கடைசி ஸ்டேஜ் வரை இருந்து எங்களுக்கு ஒட்டுத்தாள் ஒட்டிக்கொண்டிருந்தார். அவர் மேல் எனக்கு வந்த மரியாதை அன்றைக்கு ஜெயித்தவர் மேல் வந்ததைவிடப் பெரிது. வலக்கைக்காரர்களே, இடது பக்கம் ஓடும்போது துப்பாக்கியை மண் மேட்டைப் பார்த்துப் பிடித்து வைத்துக்கொண்டு, கால் நின்ற பிறகு மேகஸினை மாற்றுங்கள். ஒரு நொடி போனால் போகட்டும்.

தோட்டா சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். மேகஸினின் அடியில் ஒரு தட்டு, ஸ்லைடை ஒரு இழுப்பு, தொடர்ந்து சுடுங்கள். அப்போதும் வாய் மண் மேட்டைப் பார்க்கட்டும், துப்பாக்கியை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து உற்றுப் பார்க்கும்போதுதான் அது பக்கவாட்டில் திரும்பும். ஒரு வெடிச் சத்தம் வழக்கத்துக்கு மாறாக மெலிதாகக் கேட்டால் மட்டும் அடுத்ததைச் சுடவே சுடாதீர்கள். குண்டு குழாய்க்குள்ளேயே நின்றிருக்கலாம். நிறுத்தி, ஆர்.ஓ.விடம் சொல்லுங்கள்.

இப்போது மதிப்பெண். அட்டையின் நடுப்பகுதி ஏ, 5 புள்ளி. அதைச் சுற்றி சி, மைனருக்கு 3. ஓரம் டி, 1. விட்டுவிட்டால் 10 கழியும், வெள்ளையில் பட்டாலும் 10 கழியும். மொத்தப் புள்ளியை நேரத்தால் வகுத்தால் வருவது ஹிட் ஃபேக்டர். நான் சொன்ன அந்த ஸ்டேஜில் எனக்கு 12 ஏ, 6 சி, 1 டி, 4 இரும்பு, கடைசி அட்டையில் ஒன்று படவில்லை. 89 புள்ளி, 27.8 நொடி. வகுத்தால் 3.2. ஸ்டேஜை வென்றவர் 112 புள்ளியை 14 நொடியில் எடுத்தார், அவருக்கு 8. போட்டிக் கணக்கில் வென்றவருக்கு முழு 120, எனக்கு அதில் ஐந்தில் இரண்டு பங்கு, 48.

வீட்டுக்கு வந்து அண்ணாச்சி எடுத்த வீடியோவைப் பார்த்தேன். ஒரே அட்டையில் முதல் குண்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே எனக்கு ஏறக்குறைய 0.4 நொடி, வென்றவருக்கு 0.2. பத்து அட்டைக்கும் சேர்த்தால் வித்தியாசம் 2 நொடி. ஆனால் மொத்த வித்தியாசம் கிட்டத்தட்ட 14 நொடி. அந்த மிச்ச 12 நொடி எங்கே போனது? நான் ஜன்னலுக்கு வந்து நின்ற பிறகு துப்பாக்கியை உயர்த்தினேன், அவர் வரும்போதே உயர்த்தியிருந்தார். நான் கடைசிக் குண்டு பட்டதா என்று எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தேன், அவர் சுடும்போதே காலை எடுத்துவிட்டார். நான் ஓடிக்கொண்டே மாற்றப் பார்த்து நடையாகிப் போனேன், அவர் முதல் எட்டிலேயே மாற்றி முடித்துவிட்டு மிச்ச தூரம் ஓடினார். விரலை வேகப்படுத்திப் பயிற்சி செய்கிற புதியவர்கள் அந்த 2 நொடிக்காக உழைக்கிறார்கள். பணம் கொட்டிக் கிடப்பது சுடாத நேரத்தில்தான்.

துல்லியத்துக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். என் 3.2 விகிதத்தில் ஒரு புள்ளி என்பது ஏறக்குறைய 0.3 நொடி. ஒரு குண்டு அட்டையில் படாமல் போனால் கிடைத்திருக்கக்கூடிய 5-ம் போய், அபராதம் 10-ம் சேர்ந்து 15 புள்ளி நட்டம். அதாவது நாலரை நொடிக்கும் மேல். கடைசி அட்டையில் இன்னும் அரை நொடி நின்று பார்த்துச் சுட்டிருந்தாலும் எனக்கு லாபம்தான். விகிதம் உயர உயர நேரத்தின் விலை ஏறும், அப்போதுதான் வேகமாகச் சுடுவது கட்டுப்படியாகும். ஆரம்பக்காரருக்குப் பொறுமை வெறும் புத்திமதி இல்லை, கணக்குப்படியே அதுதான் சரி.

இந்த விளையாட்டு பிறந்த கதையிலும் இது இருக்கிறது. 1950-களின் கடைசியில் கலிஃபோர்னியாவின் பிக் பேர் பகுதியில் ஜெஃப் கூப்பர் நடத்திய போட்டிகளில் பலரும் இடுப்பு உயரத்திலேயே துப்பாக்கியை வைத்து வேகவேகமாகச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஜாக் வீவர் என்கிற காவல்துறைக்காரர் இரண்டு கையாலும் பிடித்து, கண் உயரத்துக்குக் கொண்டுவந்து, குறி பார்த்துச் சுட்டு ஜெயித்தார். பார்த்துச் சுடுகிறவன் பார்க்காமல் சுடுகிறவனைவிடச் சீக்கிரம் முடிக்கிறான் என்று அங்கேதான் தெரிந்தது. கூப்பர் வகுத்த 'எல் பிரசிடென்டே' இன்றைக்கும் தரம் பிரிக்கும் ஸ்டேஜ்களில் ஒன்று. 10 கெஜத்தில் மூன்று அட்டை. முதுகைக் காட்டி நின்று, திரும்பி, ஒவ்வொன்றிலும் இரண்டு, மேகஸின் மாற்றி மறுபடி இரண்டிரண்டு. எங்களுக்கும் அன்றைக்கு அது வந்தது. உடம்பு முழுக்கத் திரும்பிய பிறகுதான் துப்பாக்கி உறையை விட்டு வர வேண்டும், திரும்பிக்கொண்டே உருவினால் அங்கேயே ஆட்டம் முடிந்தது. இப்படி நான்கு தர ஸ்டேஜ்கள் கணக்கில் ஏறினால் நமக்கு ஒரு வகுப்பு கிடைக்கும். 40 விழுக்காட்டுக்குக் கீழே டி, 95-ம் அதற்கு மேலும் கிராண்ட் மாஸ்டர்.

இப்போது என் பயிற்சி பெரும்பாலும் வீட்டில், தோட்டா இல்லாமல். தோட்டா எல்லாம் வேறு அறையில், பூட்டி. துப்பாக்கி காலி என்று இரண்டு முறை பார்த்த பிறகு, சுவரில் ஒட்டிய சின்ன அட்டையை நோக்கி உருவுவது, ஒரு எட்டு வைத்து மேகஸின் மாற்றுவது, கதவு ஓரத்துக்கு வரும்போதே குறி கண்ணில் இருப்பது. பத்துப் பதினைந்து நிமிடம் போதும். இதற்குத் தோட்டாச் செலவே இல்லை.

போட்டி முடிந்ததும் சாப்பிட உட்காரும் முன்பு சோப்புப் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் கையையும் முகத்தையும் நன்றாகக் கழுவுங்கள். தோட்டாவின் ஈயத் தூசி கையிலும் துணியிலும் இருக்கும். அந்தக் காலணியோடு வீட்டுக்குள் போகாதீர்கள், அந்தச் சட்டையோடு குழந்தையைத் தூக்காதீர்கள்.

ஓட்டமும் 180-ம் பயமாக இருக்கிறது என்பவர்கள் ஸ்டீல் சாலஞ்சில் தொடங்கலாம். அதையும் இதே சங்கம்தான் நடத்துகிறது. ஒவ்வொரு ஸ்டேஜிலும் ஐந்து இரும்புத் தகடு, கடைசியாக அடிக்கிற தகடு நேரத்தை நிறுத்தும். பெரும்பாலான ஸ்டேஜில் ஐந்து முறை சுட்டு, மோசமான ஒன்றைத் தள்ளிவிட்டு மிச்சத்தைக் கூட்டுவார்கள். ஓட்டம் ஏறக்குறைய இல்லவே இல்லை. .22 ரகத்தில் சுட்டால் உறையிலிருந்து உருவவும் வேண்டாம், துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடித்தபடி தொடங்கலாம். தோட்டாவும் மலிவு. அன்றைக்கு எங்களோடு வந்த பள்ளிப் பையன் அங்கேதான் தொடங்கினானாம். அடுத்த மாதப் போட்டிக்கு என் மனைவி அதில்தான் பதிவு செய்திருக்கிறாள். துப்பாக்கியை அண்ணாச்சி தருவதாகச் சொல்லியிருக்கிறார்.